இரண்டு லட்சம் ஓடின கார்: வாங்குவதா, விடுவதா?

விற்கிறவரிடம் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எத்தனை ஓடியிருக்கு?" திருகோணமலையில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, கார் இவ்வளவு காலமும் எங்கே நின்றது என்பதை. 220,000 கிலோமீற்றர் ஓடி, குருநாகலில் கூரைக்குக் கீழ் நின்ற ஒரு கொரொல்லா. 85,000 மட்டுமே ஓடி, நிலாவெளியில் கடலைப் பார்த்தபடி எட்டு வருடம் வெளியில் நின்ற இன்னொரு கொரொல்லா. இரண்டும் ஒரே விலைக்கு வந்தால் முதலாவதைப் பார்க்கப் போவதுதான் புத்தி. எஞ்சினை இறக்கி ரிங் மாற்றலாம், கியர் பொக்ஸை கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய பாகக் கடைகளில் தேடி எடுக்கலாம். கடலின் உப்புக் காற்றில் கறள் தின்ற பொடிக்கு, அதாவது காரின் தகர உடலுக்கு, மாற்று இல்லை. வெட்டி ஒட்டி, பட்டி போட்டு, பெயின்ற் அடித்தாலும் அடுத்த மாரிக்கு அதே இடத்தில் கொப்பளம் எழும்பும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த கார்களேதான் கைமாறின, ஓடின, திருத்தப்பட்டன. அதனால் இன்று இரண்டு லட்சம் தாண்டிய கார் என்பது அதிசயமில்லை. 2007ஆம் ஆண்டு ஆக்சியோ ஒன்று மீற்றரில் 90,000 என்று காட்டினால் அதைப் பார்த்துத்தான் புருவம் உயர வேண்டும். வருடத்துக்கு வெறும் 10,000 என்று போட்டாலும் கணக்கு 180,000ஐத் தொடுகிறதே.

போன் எடுக்கும்போது

நேரில் போக முன்பே பாதிக் கார்களைக் கழித்துவிடலாம். பதிவுப் புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது, லீசிங் இருக்கிறதா, கடைசியாக எஞ்சின் ஒயில் எப்போது மாற்றியது, அதற்கு பில் இருக்கிறதா, எந்த ஊரில் எவ்வளவு காலம் நின்றது. இவ்வளவும் போதும். "ஒரு வேலையும் இல்லைத் தம்பி, பெற்றோல் அடிச்சா ஓடலாம்" என்று மட்டும் சொல்கிறவரைவிட, "முன் ஷொக் ரெண்டும் போன வருஷம் மாத்தினது, ஏ.சி. கொஞ்சம் குறைவு" என்று குறையையும் சேர்த்துச் சொல்கிறவரின் காரைப் பார்க்கப் போவது நல்லது. கடைசியாக ஒன்று சொல்லி வையுங்கள்: "நான் காலையில வாறன், வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போய்ச் சேரும்போது பொனெற் சூடாக இருந்தால், காலைக் குளிரில் அந்த எஞ்சின் செய்யும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மீற்றர் சொல்வதும் சொல்லாததும்

டிஜிட்டல் மீற்றரைத் திருப்ப முடியாது என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கணினி வைத்திருப்பவருக்கு அது அரை மணி நேர வேலை. ஆனால் கால் படும் இடங்களையும் கை படும் இடங்களையும் யாரும் திருப்புவதில்லை. பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து மழமழவென்று இருக்கிறதா, ஸ்டியரிங்கின் மேற்பாதியில் தோல் பளபளக்கிறதா, சாரதி ஆசனத்தின் வலது விளிம்பு ஏறி இறங்கி அமுங்கிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். 80,000 ஓடிய காரில் இவை மூன்றும் இப்படி இருக்காது. பழைய காரில் மிதி ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஜப்பானில் பாவித்து வந்த காரென்றால் ஏலத் தாளும் ஏற்றுமதிச் சான்றிதழும் இருக்கும். அங்கிருந்து புறப்பட்டபோது எவ்வளவு ஓடியிருந்தது என்பது அவற்றில் பதிவாகியிருக்கும். விற்பவரிடம் இல்லையென்றால் செசி இலக்கத்தைக் கொடுத்து ஏலத் தாளை எடுத்துத் தரும் சேவைகள் உண்டு. கதவுத் தூணிலும் பொனெற்றுக்கு உட்புறத்திலும் ஒட்டியிருக்கும் ஒயில் மாற்றிய ஸ்ரிக்கர்களையும் வாசியுங்கள். மீற்றரைத் திருப்புகிறவர்கள் ஏதாவது ஒரு மூலையில் ஒரு ஸ்ரிக்கரை மறந்துவிடுவார்கள்.

உண்மையான எண்ணே கிடைத்தாலும் அது எப்படி ஓடிய தூரம் என்பது வேறு விஷயம். கிழமைக்கு இரண்டு தரம் ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போய் வந்த காருக்கு ஒரு பயணமே ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். எஞ்சின் சூடாகி ஒரே சீராக ஓடுகிறது, பிரேக்கும் கிளச்சும் அதிகம் வேலை செய்வதில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து சந்தை என்று நாளுக்கு ஐந்து தரம் இரண்டு இரண்டு கிலோமீற்றர் ஓடிய காரோ ஒரு நாளும் சரியாகச் சூடாகியிருக்காது. ஒயிலில் ஈரம் சேர்ந்து கறுப்புச் சேறாக உறைந்திருக்கும். ஓட்டம் குறைந்த கார் என்று அதற்குத்தான் கூட விலை கேட்பார்கள்.

முதலில் கீழே குனியுங்கள்

எஞ்சினைக் கேட்க முன் பொடியைப் பாருங்கள். பொடி தேறாவிட்டால் எஞ்சினைப் பார்க்கும் வேலை மிச்சம். ஒரு டோர்ச், தட்டையான ஸ்குறூ டிரைவர் ஒன்று, துணியில் சுற்றிய சின்னக் காந்தம், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய காட்போட். இவ்வளவும் போதும். சேர்விஸ் நிலையத்தில் ஹொயிஸ்ற் ஏற்றிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. ஆனால் கீழே தண்ணீர் அடித்துக் கழுவ முன் பாருங்கள், கழுவிய பின் அல்ல.

பின் ரயருக்கு முன்னால், ஜக் வைக்கும் இடத்தின் கீழ் விளிம்பை ஸ்குறூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகரம் "டங்" என்று திருப்பிச் சொல்லும். உள்ளே கறள் தின்றிருந்தால் நனைந்த காட்போட்டைத் தட்டியதுபோல் "பொத்" என்று இருக்கும். சந்தேகமான இடத்தில் முனையை வைத்து மெல்ல அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் எழும்பி, தூசியைத் தட்டி, நன்றி சொல்லிவிட்டு வரலாம். அதற்குப் பிறகு பேரம் பேச ஒன்றுமில்லை.

அங்கே தேறினால் அடுத்தது முன் ஷொக் அப்சோர்பரின் தலை பொருந்தும் இடம். பொனெற்றைத் திறந்தால் இரண்டு பக்கமும் மூன்று நட்டுடன் தெரியும் வட்டம் அது. அதைச் சுற்றி வெடிப்போ புதிய வெல்டிங்கோ இருக்கக் கூடாது. பிறகு எஞ்சினைத் தாங்கும் கீழ்ச் சட்டமும் அது பொடியில் பூட்டப்படும் இடங்களும். பின்பக்கம் போகும் பிரேக் குழாய்களை முழு நீளத்துக்கும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கறள் ஏறி வீங்கிய பிரேக் குழாய் ஒரு நாள் அவசரமாக மிதிக்கும்போதுதான் வெடிக்கும். பெற்றோல் ஊற்றும் வாயிலிருந்து தாங்கிக்குப் போகும் குழாயையும் விட வேண்டாம். டிக்கியில் ஸ்பெயார் ரயரைத் தூக்கி அடியைப் பாருங்கள், சாரதியின் காலடி விரிப்பைக் கிளப்பி விரலால் தடவுங்கள், கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்து உளுத்துக்கொண்டு வரும்.

சைலன்சரிலும் சஸ்பென்ஷன் கைகளிலும் மெல்லிய மஞ்சள் கறள் இருந்தால் பயப்பட வேண்டாம். கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் காரிலும் அது இருக்கும். தட்டை தட்டையாக உரிந்து கையோடு வரும் கறள்தான் ஆபத்து. இன்னொன்று: அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்து மினுமினுக்கும் பழைய கார். அதைப் பார்த்துப் பரவசப்படுகிறவர்கள் அதிகம். விற்பதற்கு ஒரு மாதம் முன் அது எதற்கு அடிக்கப்பட்டது என்று யோசித்தால் போதும்.

பொடியின் மேற்பக்கத்தில் காந்தத்தை நகர்த்திக்கொண்டு போங்கள். சக்கர வளைவிலோ கதவின் கீழ்ப்பக்கத்திலோ அது ஒட்டாமல் வழுக்கினால் அடியில் தடிப்பாகப் பட்டி இருக்கிறது. விபத்தோ, கறளோ, இரண்டுமோ.

கரையோரக் கார்களில் பலர் பார்க்காத ஓரிடம் ஏ.சி. கொண்டென்சர். முன் கிரில் வழியாக டோர்ச் அடித்து, அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளை நகத்தால் தொட்டுப் பாருங்கள். உப்புக் காற்று தின்ற தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். அது இன்று குளிர் தந்தாலும் கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் தாக்குப்பிடிக்காது. பியூஸ் பெட்டியைத் திறந்தால் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும், பற்றறியிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் வயரின் முனை கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். காரணம் தெரியாமல் எரிந்து அணையும் எச்சரிக்கை விளக்குகள் பல அந்த எர்த் வயரால் வருபவை.

மீன் ஏற்றிய வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் டிக்கியின் மடிப்புகளுக்குள் இறங்கிவிட்டால் எத்தனை தரம் கழுவினாலும் போகாது. மணத்தை ஸ்பிரே அடித்து மறைக்கலாம். டிக்கிக் காப்பெற்றின் அடியில் இருக்கும் வெல்டிங் கோடுகளில் வரிசையாக வரும் கறளை மறைக்க முடியாது.

தண்ணீருக்குள் நின்ற கார்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் பல மாவட்டங்களில் வாகனங்கள் மூழ்கின. அப்படியானவை கழுவி, காய வைத்து, ஊர் மாறி விற்பனைக்கு வரும். கிழக்கில் பார்க்கிற காருக்கு மட்டுமல்ல, களனிக் கரையிலிருந்தோ மலைநாட்டிலிருந்தோ வருகிற காருக்கும் இந்தச் சோதனை வேண்டும். ஆசனப் பட்டியைக் கடைசி வரை வெளியே இழுங்கள். இழுப்பின் முடிவில் மண்நிறக் கோடோ ஈரக் கறையோ இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. ஆசனத்தைத் தரையில் பூட்டும் போல்ற்றுகள் கறள் பிடித்திருக்கக் கூடாது, மழை படாத இடம் அது. டாஷ்போட்டின் அடியில் வயர் இணைப்புகளுக்குள் மெல்லிய மணல், தரைக் காப்பெற்றின் அடியில் இருக்கும் பஞ்சில் ஊறிய மணம். இவற்றில் ஒன்று கிடைத்தாலும் வேண்டாம். எஞ்சினைத் திருத்தலாம், ஆனால் நனைந்த வயரிங் இரண்டு வருடத்துக்குத் தவணை முறையில் தொல்லை தரும். எஞ்சினோடு பெரிய பற்றறியும் உள்ள ஹைபிரிட்டென்றால் கிட்டவும் போக வேண்டாம்.

குளிர்ந்த எஞ்சின்

இப்போது பொனெற். ஒயில் கோலை இழுத்து அளவையும் நிறத்தையும் பாருங்கள். கறுப்பாக இருப்பது குற்றமில்லை. அளவு கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால் குற்றம், ஏனென்றால் வண்டி ஒயில் குடிக்கிறது, வைத்திருப்பவர் பார்ப்பதுமில்லை. ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். தேன் நிறப் படை நல்லது. தாரைப்போல் ஒட்டிய கறுப்புச் சேறு, காலத்துக்கு ஒயில் மாற்றவில்லை என்பதன் சாட்சி. பாற்கோப்பிபோல் நுரைத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது.

ரேடியேற்றர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். உள்ளே சிவப்போ பச்சையோ இளஞ்சிவப்போ தெளிவாக இருக்க வேண்டும். செங்கல் கரைத்த நிறம் தெரிந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம்மூர்க் கிணறுகளில் பலதில் சவர்த் தண்ணீர். அது அலுமினியத்தை உள்ளிருந்து தின்னும், குழாய்களில் படியும். மேலே ஒயில் படலம் மிதந்தால், எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கெற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு ஸ்டார்ட். முதல் பத்துச் செக்கனில் கிடைக்கும் தகவல் அடுத்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பதைவிட அதிகம். ஒருவர் சாவியைத் திருப்பட்டும், நீங்கள் பொனெற் பக்கம் நில்லுங்கள், இன்னொருவர் சைலன்சர் பக்கம். ஒயில் விளக்கு இரண்டு மூன்று செக்கனில் அணைய வேண்டும். ஆக்சியோ போன்றவற்றில் வரும் டொயோட்டா 1NZ எனும் 1.5 லீற்றர் எஞ்சினிலும், நிசான் சன்னி எஃப்பி 15இலும் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் ரைமிங் செயின் இருக்கிறது. இத்தனை கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டும் என்ற கணக்கு செயினுக்கு இல்லை, ஒயிலை ஒழுங்காக மாற்றினால் எஞ்சினோடே வாழும். மாற்றாவிட்டால் நீளும், ஸ்டார்ட் ஆகும்போது சங்கிலியை டின்னுக்குள் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் வரும். சத்தம் ஓரிரு செக்கனில் நின்றாலும் செலவு வரப்போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொரொல்லா 110, மாருதி 800 போன்ற பழையவற்றில் செயினுக்குப் பதிலாக இருப்பது பெல்ட். கொரொல்லாவில் அதை 100,000க்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். கடைசியாக மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் பண்ணியதும் ஒருதரம் நீலப் புகை விட்டு நின்றால் வால்வ் சீல் இறுகிப் போயிருக்கிறது. அது அவ்வளவு பெரிய செலவில்லை. ஓடும்போது அக்ஸிலரேற்றரை மிதிக்க மிதிக்க நீலம் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங். காலையில் வரும் வெள்ளை ஆவி சாதாரணம். சூடான பிறகும் இனிப்பு மணத்தோடு வெள்ளை வந்தால் ரேடியேற்றரில் இருக்க வேண்டிய கூலன்ற் எரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் மூடியைத் தளர்த்தி அதன் மேல் உள்ளங்கையை வையுங்கள். மெல்லிய துடிப்பு இருக்கும். கையைத் தள்ளுகிற அளவுக்குக் காற்றும் புகையும் வந்தால் ரிங் தேய்ந்து அழுத்தம் கீழே கசிகிறது.

இதுவரை நன்றாக இருந்தால் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கக் காசு செலவழிக்கலாம். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பிளக் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும், அக்ஸிலரேற்றரை முழுக்க மிதித்தபடி சுற்ற வேண்டும். பெற்றோல் எஞ்சினில் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்து, சிலிண்டர்களுக்கிடையில் வித்தியாசம் 15க்குள் நின்றால் திருப்திப்படலாம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது காஸ்கெற். ஹைபிரிட் எஞ்சின்களுக்கு இந்த எண் பொருந்தாது. அவற்றின் வால்வ் பிந்தி மூடும், அளவு குறைவாகத்தான் காட்டும்.

காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரைப் போடும்போது பிழைக் குறியீடு இல்லை என்றதும் மகிழ்ந்துவிட வேண்டாம். "குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஸ்கேனரில் ஒரு வரி இருக்கும். அதில் 9 கிலோமீற்றர் என்று இருந்தால், நேற்றுப் பின்னேரம் யாரோ அழித்திருக்கிறார்கள்.

ஹைபிரிட் என்றால் கூடுதலாக

பிரியஸ், அக்குவாவில் பெரிய பற்றறிதான் கேள்வி. பிரியஸில் 28 மொடியூல் (சின்னப் பற்றறித் துண்டுகள்), அக்குவாவில் 20. ஒன்று பலவீனமானாலும் முழுத் தொகுதியும் தடுமாறும். ஸ்கேனரில் மொடியூல்கள் சேர்ந்த ஒவ்வொரு புளொக்கின் வோல்ற்றேஜையும் பாருங்கள், அதுவும் நிற்கும்போது அல்ல, மேட்டில் முழு அக்ஸிலரேற்றர் கொடுக்கும்போது. அந்த நேரத்தில் கூடிய புளொக்குக்கும் குறைந்த புளொக்குக்கும் வித்தியாசம் அரை வோல்ற்றைத் தாண்டினால் சந்தேகம், ஒரு வோல்ற்றைத் தாண்டினால் பற்றறி வேலையை விலையிலிருந்து கழியுங்கள். திரையில் சார்ஜ் கட்டைகள் ஐந்து நிமிடத்தில் மேலேறி ஐந்து நிமிடத்தில் விழுந்தால் ஸ்கேனர் தேவையே இல்லை. பின் ஆசனத்தருகே பற்றறிக்குக் காற்று இழுக்கும் வாயில் இருக்கிறது. நாய் மயிரும் மணலும் அடைத்திருந்தால் பற்றறி வருடக்கணக்கில் சூட்டில் வெந்திருக்கிறது.

பிரியஸ் 30இல் இன்னொரு நோய் உண்டு. எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் கரியால் அடைபட்டு, நாளடைவில் ஹெட் காஸ்கெற் போகும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கார் முழுக்க உலுப்பி அரை நிமிடத்தில் சீராகும், கூலன்ற் வெளியே கசியாமலே குறையும். குளிர்ந்த எஞ்சினை வற்புறுத்துவது இதற்காகத்தான். ஹொண்டா ஃபிற் ஜீபி 5, வெஸல், கிரேஸ் மூன்றிலும் இரட்டைக் கிளச் கியர் பொக்ஸ். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இழுத்து இழுத்து விட்டால் அந்தச் செலவை எடுத்துச் செய்யக்கூடிய கராஜ் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

கோட்டை வாசலிலிருந்து கடற்கரை வீதி ஒரு சுற்று என்பதெல்லாம் ஓட்டிப் பார்ப்பதில்லை. ஒரு மணித்தியாலம் வேண்டும். முதலில் உவர்மலை ஏற்றம். நடுவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு காலை எடுங்கள், வண்டி நகரக் கூடாது. பிறகு அங்கிருந்தே கிளம்புங்கள். மனுவலில் கிளச் மணம் வருகிறதா, ஓட்டோவில் தடுமாறுகிறதா என்று தெரிந்துவிடும். ஓட்டோ கியரில், நின்ற நிலையில் நியூற்றலிலிருந்து டி போட்டால் ஒரு செக்கனளவில் பிடிக்க வேண்டும், ரிவேர்ஸுக்கு ஒன்றரை. அதற்கு மேல் யோசித்துப் பிடித்தாலோ, "டொக்" என்று இடித்துப் பிடித்தாலோ சரியில்லை. கியர் ஒயில் கபில நிறமாகி எரிந்த மணம் வந்தால், புது ஒயில் ஊற்றினால் சரியாகும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். மனுவலென்றால் 40இல் ஓடும்போது நாலாம் கியரில் முழு அக்ஸிலரேற்றர் கொடுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் முடிந்தது.

அடுத்து அநுராதபுரச் சந்தி தாண்டி சீனன்குடா, தம்பலகாமம் சந்தி வரைக்கும் நேர் வீதி. 60, 70இல் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? வேகத்தோடு கூடும் "ஹூம்" என்ற சத்தம் வீல் பெயாரிங். வெறும் மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல வட்டம் போடும்போது "டக் டக்" என்றால், முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சீ.வி. ஜொயின்ற். வெடிப்பு வீதியில் முன்னால் "கட கட" என்பது சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ், இல்லையென்றால் "போல் ஜொயின்ற்" என்ற உருண்டை மூட்டு. இவை எல்லாம் தீரக்கூடிய செலவுகள், பயப்படத் தேவையில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் நிழலில் அல்ல, வெயிலில் நிறுத்தி, ஏ.சி.யை முழுதாகப் போட்டு இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். விற்பவருக்கு இது பிடிக்காது. ஸ்கேனரில் கூலன்ற் வெப்பம் 85க்கும் 100க்கும் இடையில் ஏறி இறங்கினால் சரி, 105ஐத் தாண்டினால் விசிறியோ ரேடியேற்றரோ கைவிடுகிறது. அக்குவா, விற்ஸ் போன்றவற்றில் சூடு காட்டும் முள்ளே இல்லை, விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும். ரயரின் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தையும் அந்த நேரத்தில் வாசித்துவிடலாம்: 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது கிழமை செய்தது. பூ நிறைய இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரயர் மாற்றவேண்டிய ரயர்தான்.

கடதாசி

சீ.ஆர். எனும் பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால், "லீசிங் முடிஞ்சுது, கடிதம் பிறகு தாறன்" என்பதை ஏற்க வேண்டாம். மிச்சம் இருந்தால் விற்பவரோடு கம்பனிக்குப் போய், அங்கேயே கட்டி, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள்.

ஓப்பின் பேப்பரில், அதாவது வாங்குகிறவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவத்தில், மூன்று நான்கு கை மாறிய கார் நிறைய. மலிவாகவும் இருக்கும். பதிவிலுள்ள ஆள் இறந்துபோனாலோ வெளிநாடு போனாலோ பெயர் மாற்றம் நீதிமன்றம் வரை இழுபடலாம். பதிவு உரிமையாளரை நேரில் கண்டு, அடையாள அட்டையைப் பார்த்து, பெயர் மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6 படிவத்தில் உங்கள் பெயரையும் திகதியையும் எழுதிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். விற்றதை அறிவிக்கும் எம்.ரி.ஏ. 8ஐ 14 நாளுக்குள் அனுப்புவது விற்பவரின் கடமை. வருவாய் அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் புதுப்பிக்கவில்லை என்று பாருங்கள். நிலுவையும் தண்டமும் பிரதேச செயலகத்தில் உங்கள் தலையில்தான் விழும். புகைச் சான்றிதழ் இல்லாமல் அதைப் புதுப்பிக்கவும் முடியாது. ஒயில் குடிக்கும் எஞ்சின் அங்கேயும் காட்டிக்கொடுக்கும்.

விலை

குறித்த குறைகள் ஒவ்வொன்றுக்கும் பாகத்தின் விலையையும் கூலியையும் கடையிலும் கராஜிலும் கேட்டு எழுதுங்கள். பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டுமானால் அனுப்பு கூலியும் சேரும். உதாரணத்துக்கு, கேட்கும் விலை 40 லட்சம், பட்டியல் மூன்றரை லட்சம் என்று வைப்போம். பேசத் தொடங்க வேண்டியது முப்பத்தாறரையிலிருந்து. அதற்கு மேல் முதல் வருடத்துக்கென்று விலையில் பத்தில் ஒரு பங்கு கையில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது ஏதாவது கட்டாயம் வரும். கையிலுள்ள காசு முழுவதையும் காரிலேயே போட்டால்தான் வாங்க முடியும் என்றால், இன்னும் சின்னக் காரைப் பாருங்கள்.

ரயர், ஷொக், பிரேக், புஷ், ஏ.சி. வாயு, கிளச் இவையெல்லாம் பேரத்துக்குரியவை. கறள் இறங்கிய செசி, வெள்ளத்தில் நின்றது, மேலேறும் வெப்பம், இழுத்து விடும் சி.வி.ரி. (பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியர்), பொருந்தாத இலக்கம் இவற்றுக்கு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள்.

எடுத்த பிறகு

முதல் கிழமையிலேயே எஞ்சின் ஒயிலும் பில்டரும் மாற்றுங்கள். டொயோட்டா 1NZ எஞ்சினுக்கு பில்டரோடு 3.7 லீற்றர் பிடிக்கும். கூலன்றை முழுதாக வடித்து, கிணற்றுத் தண்ணீர் கலக்காமல், கலந்து விற்கும் கூலன்றையே ஊற்றுங்கள். பிரேக் ஒயில், கியர் ஒயில், காற்று பில்டர் எல்லாம் அதே தடவையில் செய்தால் எது எப்போது மாற்றியது என்ற குழப்பம் இருக்காது. உப்புவெளி, நிலாவெளி, துறைமுகப் பக்கம் என்றால் மாதத்துக்கு இரண்டு தரமாவது அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். கடற்கரை மணலில் இறக்கிய அன்று, அன்றைக்கே.

ஒயில் கோலில் மேல்கோடு வரைக்கும் நிரப்பி, மீற்றர் எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 1000 கிலோமீற்றர் ஓடியதும் சமதரையில் நிறுத்திப் பாருங்கள். மேல்கோட்டுக்குக் கொண்டுவர அரை லீற்றருக்குக் குறைவாகப் பிடித்தால் அந்த வயதுக்கு அது நல்ல எஞ்சின். ஒரு லீற்றர் பிடித்தால் ரிங் வேலைக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம், அதுவரை டிக்கியில் ஒரு போத்தல் ஒயில் எப்போதும் இருக்கட்டும்.